தத்தாத குருவி

இருங்க அக்கா, வேலைக்கு வர்றேனா இல்லையான்னு அப்புறம் சொல்றேன். மொதல்ல குருவியப் பாருங்க, பறந்துடும் லா.

அந்தா, கரன்ட் கம்பத்துக்குக் கீழ. முதுகெல்லாம் கோடு கோடா, டீத்தூள் கொட்டுன மாதிரி. தெரியுதா? சும்மா சோதிக்காதீங்கக்கா, சிட்டுன்னு சொல்ல மாட்டேன். சிட்டு தத்தும். இது நம்மள மாதிரி கால மாத்தி மாத்தி வச்சு நடக்குது. நீங்க சொன்னப்புறந்தான் நானும் காலப் பாத்தேன். நெட்டைக்காலி. பாஸா?

லாலான் புல்லு பக்கமா? அங்க போகாது. ஆள் உயரப் புல்லுல அது என்னத்தப் பாக்கும்? கார்த்திகேசு அண்ணன் மாடு மேஞ்சு குட்டையாக்கி வச்சிருக்குல்ல, அங்கதான் இருக்கும்.

வடக்கேர்ந்து வலசை வர்ற பெரிய நெட்டைக்காலியா? இல்லக்கா. வந்து போறது இங்க கூடு கட்டாதே. இதுக்கு அந்தக் கல்லு பக்கத்துல குஞ்சு இருக்கு. வாயில புழுவ வச்சிக்கிட்டு முழுங்காம நிக்குது பாருங்க. நாம நகர்ந்தாத்தான் கூட்டுக்குப் போகும்.

கேக்குது, கேக்குது. நாளைக்குக் கிள்ளான், அப்புறம் கடலோரம், மாசம் பூரா குருவி பாக்குற வேலை. யாரு வேணாம்னா? ஆசை இல்லாமலா தெனம் கார் கழுவிட்டு இங்க வந்து குந்துறேன்? எங்க மொதலாளியா? அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஒண்ணும் கேக்கவும் மாட்டாரு. அதனாலதான் அங்க இருக்கேன்.

என்னத்தன்னா... ஐசிதான், அந்த அடையாள அட்டை. காலையிலேர்ந்து போட்டோகாப்பி குடுடாங்குறீங்க, நான் குருவியக் காட்டிக்கிட்டே இருக்கேன்.

தொலைக்கல அக்கா. இருந்ததே இல்ல.

ஐயோ, இங்க பொறந்தவன்தான், கிள்ளான் ஆஸ்பத்திரில. அப்பா இங்கத்துக் குடிமகன், நீல ஐசி. அம்மா இந்தியாவிலேர்ந்து வந்தவங்க. கோயில்ல தாலி கட்டி, ஊருக்கே சாப்பாடு போட்டாங்க. கல்யாணம் முடிஞ்சிச்சுன்னு நெனச்சிட்டாங்க லா. நான் பொறந்தப்புறம்தான் போய்ப் பதிஞ்சாங்க. பதியுறதுக்கு முன்னாடி பொறந்தா அம்மாவோட நாடுதானாம், எனக்கும் அப்படியே ஆயிப்போச்சு. அந்த நாட்ட நான் பாத்ததே இல்ல. அந்த நாட்டுக்கும் என்னத் தெரியாது. இங்க குடியுரிமைக்கு மனு போட்டிருக்கு, போட்டுக்கிட்டே இருக்கு.

அழாதீங்கக்கா, குருவி பயந்துடும். வேற ஆளப் பாருங்க. அவனுக்கும் மொதல்ல காலப் பாக்கச் சொல்லிக் குடுங்க.

இல்ல, உங்க கார்ல வரல. ரோட்டு முனையில போலீஸ் நிக்குது. நான் இப்படியே புல்லு வழியா நடந்துடுவேன். பயப்படாதீங்க, கூட்ட மிதிக்காம சுத்தித்தான் போவேன்.