சிம்னி மூடியும் மூணு சுத்து முடிச்சும்

…அதான் தம்பி, உப்புக்காத்து உப்புக்காத்துன்னு சிம்னியப் பாக்க ஏணியில கால வைக்கறதுக்கு முன்னாடியே நீங்க ஆரம்பிச்சுட்டீங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன். உப்புக்காத்து என்ன, என் வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கிட்டா வருது? எதிர்வீட்டு டீச்சரம்மாவும் இதே கடலோரத்துலதான் குடியிருக்காங்க. அவங்க சிம்னியப் பாருங்க, புகை கோடு கிழிச்ச மாதிரி நேரா போகுது. என் வீட்டுல மட்டும் பாதி தூரம் போயிட்டு, எதையோ மறந்த மாதிரி திரும்பி வந்து சோபாவுல உக்காருது.

பயப்படாம ஏறுங்க. ஏணியை நான் பிடிச்சிருக்கேன்ல. நாப்பது வருஷம் துறைமுகத்துல கப்பலைக் கட்டுனவன், ஒரு ஏணியைப் பிடிக்க மாட்டேனா… என்னது? ஆட்டுறேனா? நான் எங்க ஆட்டுறேன். பேசும்போது கை தானா போகும், அது வேற. சரி, ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டேன், போதுமா.

செங்கல்லு எப்படி இருக்கு? உதிருதா? கொஞ்சம் உதிரும். மழைத்தண்ணி உள்ள இறங்கி, உப்பு வெளிய பூத்து, அதுக்கப்புறம் மாவா கொட்டும்னு மச்சான் சொன்னான். பெயிண்ட் அடிச்சு மூடிடலாம்னேன். வேணாம், செங்கல்லு மூச்சு விடணும்னான். செங்கல்லுக்கு மூச்சாம். கேட்டுக்கிட்டேன். பேச்சுன்னு வந்தா அவனை யாரு ஜெயிக்கறது.

மச்சான்னா யாருன்னு கேக்கறீங்களா? என் வீட்டுக்காரியோட தம்பி. எவர்சில்வர் பட்டறை வச்சிருக்கான். ஓட்டலுக்கெல்லாம் தொட்டி, மேசை, புகைக்கூண்டுன்னு அடிச்சுக் குடுக்கறான். கைவேலைக்காரன்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இந்த வேலையில கோட்டை விட்டுட்டான். சிம்னி மேல முன்னாடி இருந்த இரும்பு மூடி ரெண்டே வருஷத்துல துருப்பிடிச்சு, ஒருநாள் அப்பளம் மாதிரி நொறுங்கி கீழ கணப்பு அடுப்புக்குள்ள விழுந்துச்சு. நல்லவேளை தீ எரியல. அப்பத்தான் இவன் வந்தான். கடலோரத்துல இரும்பு நிக்காது மாமா, எவர்சில்வர்தான் சரி, நானே செஞ்சு தரேன்னான். செஞ்சான், மாட்டுனான், சாப்பிட்டான், போனான். ஒரே மாசம் தம்பி. புகை வீட்டுக்குள்ள வர ஆரம்பிச்சிடுச்சு. யாரு மேல தப்பு? நீங்களே சொல்லுங்க.

கடைசியா எப்ப கரி எடுத்தீங்கன்னா? குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதான், வருஷா வருஷம் எடுத்துடுவேன். ஈர விறகா? என்னைப் பாத்தா ஈர விறகு எரிக்கறவன் மாதிரியா இருக்கு? கொட்டகைக்குள்ள, செங்கல் மேல அடுக்கி, காத்துப் போக இடம் விட்டு வச்சிருக்கேன். வேணும்னா இறங்கி வந்து மோந்து பாருங்க.

அந்தத் தகடு… ஆமா, சிம்னியும் கூரையும் சேருற எடத்துல இருக்கே, அது நல்லா இருக்கும். நான் அடிச்சது. கெட்டியா இருக்கா? சொன்னேன்ல. நான் கை வச்சா அப்படித்தான். துறைமுகத்துல என் முடிச்சுக்குப் பேரே இருந்துச்சு. மூணு சுத்து சுத்தி, நுனியை உள்ள மடிச்சு, இடப்பக்கமா ஒரு இழு. அவ்வளவுதான், புயலே வந்தாலும் கப்பல் அசையாது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்தேன், ஒருத்தனுக்கும் வரல, எல்லாரும் வலப்பக்கமா இழுப்பானுங்க. நான் போட்டதை வேற எவனும் அவுத்ததும் கிடையாது, அறுத்தாத்தான் உண்டு.

எதுக்குச் சொல்ல வந்தேன்… ஆங், மச்சான். மூடி ரொம்பத் தாழ்வா இருக்குடா, அதான் புகை முட்டுதுன்னு சொன்னேன். தன்மையாத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமா இருந்திருக்கும். அவன் என்ன பண்ணியிருக்கணும்? சரி மாமா, தப்பாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. ஏணியை எடுங்க, ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன்ங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என் கூரையில இனிமே நீ கால வைக்காதேன்னுட்டேன். அவன் பொண்டாட்டி நிக்குறா, புள்ளைங்க நிக்குது, என் வீட்டுக்காரி நிக்குறா. சொன்னது சொன்னதுதான். திருப்பி வாங்க முடியுமா?

மறுநாள் என் வீட்டுக்காரி கணப்பு முன்னாடி உக்காந்து இருமிக்கிட்டே பையில துணி அடுக்குறா. கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு. புகையாலயா அழுகையாலயான்னு எனக்குத் தெரியல, கேக்கவும் இல்ல. என் தம்பி வீட்டுக்குப் போறேன், நம்ம சிம்னியில புகை நேரா போற அன்னைக்கு வரேன்னா. இன்னையோட பத்தொம்பது நாள். தூரமெல்லாம் இல்ல, இதே தெருவுல ஏழு வீடு தள்ளி, அந்தப் பச்சைக் கதவு வீடு. மாடி சன்னல்ல நின்னா என் சிம்னி தெரியும். தினமும் காலையில நின்னு பாக்குறாளாம். பால்காரர் சொன்னாரு.

நானும் தினம் தீ மூட்டுறேன். தினம் புகை உள்ளதான் வருது. சன்னலைத் திறந்து வச்சா குளிருது, மூடுனா மூச்சு முட்டுது. ரெண்டு கம்பளியைப் போத்திக்கிட்டு நடுக்கூடத்துல தனியா உக்காந்திருக்கேன். இவ போன்ல கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்றேன். வேற என்னத்தைச் சொல்ல.

அதனாலதான் வெளியாளு உங்களைக் கூப்பிட்டது. மூடிதான் கோளாறுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை வந்தா போதும், அதை நேரா அவன்கிட்ட கொண்டு போயிடுவேன்… மேல போயாச்சா? பளபளன்னு இருக்கா மூடி? இருக்கும், எவர்சில்வர்ல. எது இருக்கு? சுத்தி வலையா? ஆமா, அது சும்மா. கடல்காக்கா வந்து மூடி மேல உக்காந்துக்கிட்டு குச்சியும் சருகுமா உள்ள போடுது. அதுக்காக சன்னலுக்கு வாங்குன கொசுவலைக் கம்பி மிச்சம் கிடந்துச்சு, நாலு பக்கமும் சுத்தி கயித்தால கட்டி விட்டேன். மச்சான் மாட்டிட்டுப் போன வாரமே. எதையும் சுத்தாதீங்க மாமான்னுதான் சொன்னான், கட்டை விரல் போற அளவுக்கு ஓட்டை இல்லாட்டி… ஏதோ சொன்னான். அவன் செஞ்ச மூடிக்கு நான் காவல் போட்டுக் குடுத்திருக்கேன், அதுல என்ன குத்தம்?

எதுக்குத் தம்பி வலையைத் தட்டிப் பாக்குறீங்க?

என்ன, முடிச்சு அவுக்க வரலையா… மூணு சுத்தா? இடப்பக்கமா? …அறுத்துடுங்க.

மெதுவாப் போடுங்க கீழ. அட… இது என்ன, காஞ்ச ரொட்டி மாதிரி கெட்டியா இருக்கு. வலையில ஒரு ஓட்டை கூடத் தெரியலையே. வெளிப்பக்கம் உப்பு, உள்பக்கம் கரி, ரெண்டும் சேந்து பூசி விட்ட மாதிரி… இவ்வளவுமா? ஒரே குளிர்காலத்துலயா?

ம்.

இறங்கி வாங்க. மூணு மாசமா நானே என் வீட்டுக்கு வாயைக் கட்டி வச்சிருக்கேன், பாத்தீங்களா. சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க, பரவால்ல.

நீங்களே உள்ள போய் ஒரு தடவை பத்த வச்சுப் பாருங்க தம்பி. விறகு கணப்புக்குப் பக்கத்துலயே இருக்கு. எனக்குக் கை வரல. நான் இங்க நின்னு பாக்குறேன். சன்னல் திறந்துதான் இருக்கு, நான் பேசுறது கேக்கும்.

பத்திக்கிச்சா? இங்க ஒண்ணும் தெரியல… இருங்க இருங்க. வருது. லேசா வருது. அட, போகுது தம்பி. நேரா போகுது. டீச்சரம்மா வீட்டை விட நேரா போகுது.

போன் அடிக்குது. இவதான். அதுக்குள்ள பாத்துட்டா. நீங்க வெளிய வாங்க தம்பி, சீக்கிரம்.

ஹலோ… ஆமா. ஆமாம்மா, நேராத்தான் போகுது. இல்ல, உள்ள புகையே இல்ல. யாரா? சிம்னிக்காரரு ஒருத்தர். என்ன கோளாறுன்னா… இரு, அவரே சொல்வாரு. தம்பி, உப்புக்காத்துன்னு நீங்கதான முதல்ல சொன்னீங்க, அதையே இவகிட்டயும் ஒரு வார்த்தை… தம்பி? நான் புகையையே பாத்துட்டு இருந்துட்டேன், ஏணியைக் காணோம். வண்டி தெருமுனைக்குப் போயிடுச்சு. இந்த வலையை மட்டும் வாசப்படியில வச்சுட்டுப் போயிருக்காரு, முடிச்சு மேல தெரியுற மாதிரி.

ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல. உப்புதான். உப்பு மட்டும் இல்ல. நான்தான். மூடியைச் சுத்தி நான்தான் வலை கட்டுனேன். ஆமா, உன் தம்பி வேணாம்னு சொன்னதுக்கப்புறம்தான். திட்டு, வீட்டுக்கு வந்து திட்டு, கூடம் நல்லா சூடா இருக்கு. அதுக்கு முன்னாடி அவன்கிட்ட போனைக் குடு. பக்கத்துலதான இருக்கான், குடு.

மச்சான்… நான்தான். நாளைக்கு வந்து கூரையில ஏறி மூடியை ஒரு தடவை பாத்துட்டுப் போறியா? ஏணியை நான் பிடிச்சுக்குறேன். இல்லடா, பேச மாட்டேன். சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.