கீரப்பாளையத்தில் இறங்கியவள்

அந்தத் தியேட்டரில் பால்கனி நாற்காலி முதுகுக்கு ஆகாது, சார். நான் கீழேதான் உட்காருவேன், வாசல் பக்கம் ஓரமாக. பக்கம் புரட்டக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமில்லையா.

ஆமாம், கையில் புத்தகத்தோடுதான் படம் பார்த்தேன். என் மனைவி இளமதி வரைந்த படக்கதை அது. சிதம்பரத்தில் ட்ராயிங் டீச்சர் அவள். பதிப்பாளர் அதை கிராஃபிக் நாவல் என்று சொல்வார். ஒரு பெண் புருஷனை விட்டுப் போகிற கதை. அதைச் சினிமாவாக எடுத்து, தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு கடலூரில் ரிலீஸ் செய்தார்கள். சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்ததும் நேரே தியேட்டருக்குப் போய்விடுவேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், வாசல் வரை போவேன், திரும்புவேன். இதோ, இப்போதுகூட கால் ஆடுகிறது பாருங்கள். செல்போன் வெளிச்சத்தில் பக்கம் புரட்டினால் பின் சீட்டுக்காரர், "அண்ணே, செல்ல அணைங்க, மூஞ்சில அடிக்குது" என்பார். அணைத்துவிட்டு அடுத்த சீனுக்கு மறுபடி போடுவேன்.

எவ்வளவோ வித்தியாசம், சார். புத்தகத்தில் புருஷனுக்கு முகமே கிடையாது. முதுகு, சட்டைக் காலர், தாழ்ப்பாளில் ஒரு கை, அவ்வளவுதான். படத்தில் நல்ல களையான பையனைப் போட்டிருந்தார்கள். அவன் அழும்போது பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். புத்தகத்தில் அவள் வேலை முடிந்து வந்ததும் அவன் அவளுடைய செருப்பைத் திருப்பிப் பார்ப்பான், எந்தத் தெரு மண் ஒட்டியிருக்கிறது என்று. வசனமே இல்லாமல் ஒரு பக்கம் முழுக்க அந்தச் செருப்பு. படத்தில் அந்த இடத்தில் பாட்டு வைத்துவிட்டார்கள். நல்ல பாட்டு.

செருப்பைப் பார்ப்பதில் என்ன தப்பு? நான் கேள்வி கேட்டு நச்சரிக்கிறவன் இல்லை. செருப்பைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது, பேச்சு மிச்சம்.

பெரிய வித்தியாசம் முடிவில்தான். புத்தகத்தில் அவள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் பஸ் ஏறுகிறாள். கட்டம் கட்டமாக வயல் போகிறது. கடைசிக் கட்டத்தில் வெறும் ரோடு. படத்தில் கீரப்பாளையத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வந்த வழியே புருஷனிடம் நடக்கிறாள். ஜனங்கள் கை தட்டினார்கள்.

அந்த முடிவு நான் சொன்னது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஷூட்டிங் நடந்தபோது டைரக்டர் செந்தமிழ்செல்வனைத் தனியாகப் பார்த்தேன். "இளமதிக்கே இப்ப அந்த முடிவு புடிக்கல சார். உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறா" என்றேன். "புரொடியூசரும் அதத்தான் சொல்லிக்கினு இருக்காரு" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பொய்தான். ஆனால் நல்லதுக்குச் சொன்ன பொய். திரையில் பார்த்தால் அவளுக்கே மனசு மாறும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவளையும் கூட்டிப்போனேன். கீரப்பாளையம் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். அவள் அசையவில்லை. வெளியே வந்ததும், "யாரு மாமா இத மாத்தச் சொன்னது?" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரைகிறவர்கள் அளவெடுக்கிற மாதிரி பார்ப்பார்களே, அப்படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மேஜையில் வரைந்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். தலை நிமிராமலே சொன்னாள்: "ரெண்டாவது புக்கு ஆரம்பிச்சுட்டேன், மாமா. நாளைக்கி அக்கா வூட்டுக்குப் போறேன். அங்க உக்காந்து முடிச்சுக்கறேன்."

"என்ன கதை?"

"அதே கதைதான். இதுல அவனுக்கு மூஞ்சி இருக்கு."

எட்டிப் பார்த்தேன். நெற்றியும் கண்ணும் முடிந்திருந்தன. என் புருவத்தில் இருக்கிற இந்தத் தழும்புகூட இருந்தது. வாய் மட்டும் பாக்கி.

கம்பெனி வேனில் என்னோடு வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். தெருவில் பார்ப்பார்கள். நீங்களே என் இடத்தில் இருந்து யோசியுங்கள். நான் சத்தம் போடவில்லை. பேனாவை வாங்கி மூடி வைத்தேன், மை சிந்தினால் துணியில் கறை போகாது. மணிக்கட்டைப் பிடித்து பீரோ பக்கம் கூட்டிப்போனேன். விரல்களைக் கதவிடுக்கில் வைத்து மூடினேன். பழைய பீரோ, கனமான இரும்புக் கதவு. முதல் தடவை சரியாக விழவில்லை. பிறகு விழுந்தது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். "கதவுல மாட்டிக்கிச்சு" என்று டாக்டரிடம் சொன்னேன். அவளும் அதையே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. "இவுருதான் வச்சு மூடுனாரு" என்றாள். அக்கா மலர்க்கொடி ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். இனிமேல் அந்தக் கையால் பேனா பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு எனக்கும் வருத்தம்தான்.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொடுமைக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். கொடுமைக்காரனாக இருந்தால் ஆத்திரத்தில் கண்ட இடத்தில் அடித்திருப்பேன். வரைகிற கையை மட்டும்தான் தொட்டேன். இடது கையில் ஒரு சின்னக் கீறலாவது இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.