எனக்கு ஒண்ணு, எதிர்வாதிக்கு ஒண்ணு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், மயிலம் கூட்டுரோட்டில் பங்காளிகள் இருவர் ஏறினார்கள். "எனக்கு ஒண்ணு, எதிர்வாதிக்கு ஒண்ணு" என்று மூத்தவர் டிக்கெட் கேட்டார். அதன்பிறகு என் கையிலிருந்த பேப்பரை நான் படிக்கவில்லை.

"கேஸுக்காரங்க ஒண்ணா போறீங்களே?" என்றார் கண்டக்டர்.

"நாங்க ராசியாயி ஆறு மாசம் ஆச்சுங்க. பொதுக் கெணத்துல ரெண்டு பேருமே மோட்டார் போடக்கூடாதுன்னு ஸ்டே குடுத்துட்டு, ஜட்ஜு மாத்தலாயிப் போயிட்டாரு. ராசியானத எழுதிக்கினு ஸ்டேவ எடுக்க, புது ஜட்ஜு வரணுமாம். நாற்காலி காலியாவே கெடக்குது."

"பொறுப்பு ஜட்ஜு இருப்பாரே?"

"வாரத்துல ஒரு நாளு வர்றாரு. எல்லாருக்கும் வாய்தா குடுத்துட்டுப் போயிடறாரு" என்றார் இளையவர். "மல்லாட்டைப் பயிரு பூ வெச்சிருக்குது. இந்த வாரம் தண்ணி கட்டலன்னா போச்சு."

"பேசாம மோட்டாரப் போடுங்களேன்."

"ஸ்டேவ மீறினா ஜெயிலுங்க."

"மீறினீங்கன்னு கேஸு போடறது யாரு?"

"இவன்தான் போடணும்."

"சரி, போட்டாரு. விசாரிக்கறது யாரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே, அடுத்த ஸ்டாப்புல எறங்கிடலாமா?"

மூத்தவர் அதற்குள் எழுந்துவிட்டார். "ஜல்தி வாடா. புது ஜட்ஜு வந்துடப் போறாரு."