ஜலஜா சொன்னதாக நான் சொன்னது

எனக்கு மேடையில் பேச வராது சார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சங்கத்துக்காரி என்றதும் எல்லாரும் முழக்கத்தை எதிர்பார்க்கிறார்கள். என் வேலையெல்லாம் மேடைக்குப் பின்னால்தான். பந்தலுக்கு ஓலை சொல்வது, மைக்குக்கு அனுமதி வாங்குவது, எந்த வீட்டில் புருஷன் முறைக்கிறான், எந்த வீட்டில் மாமியார் தடுக்கிறாள் என்று பார்த்து அந்த வாசலில் போய் உட்கார்ந்துகொள்வது. பிலோமினா சேச்சி வந்து உட்கார்ந்தால் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பாள் என்று எங்கள் கல்லுவிளையில் சொல்வார்கள். உண்மைதான்.

பேச்சுக்கு ஜலஜா இருந்தாள். அவளைப் பற்றி நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எங்கள் அண்டி ஆபீஸில் (நீங்கள் எழுதும்போது முந்திரித் தொழிற்சாலை என்று எழுதிக்கொள்ளுங்கள்) முந்நூறு பெண்கள் கொட்டை உடைத்தோம். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெயில் எல்லாருக்கும் கை கறுத்துக் கிடக்கும். ஒருநாள் மேனேஜர் வந்து, பருப்பு ரொம்ப உடைகிறது, வேண்டுமென்றே உடைக்கிறீர்கள் என்று கத்தினார். ஜலஜா எழுந்து ஒரு கொட்டையை அவரிடம் நீட்டினாள்.

“சாரே, நீங்க ஒண்ணு உடைச்சுக் காட்டுங்க. முழுசா வந்துச்சுன்னா நாளையிலேருந்து நான் மேனேஜர், நீங்க ஜலஜா. என் புருஷன்கிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன், பாவம், ராத்திரி பயந்துடுவான்.”

முந்நூறு பேரும் சிரித்த சிரிப்பில் அந்த மனுஷர் திரும்பிப் பார்க்காமல் போனார். அப்படிப்பட்டவள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓணம் விடுமுறை முடிந்து வேலைக்குப் போனால் கேட்டில் பூட்டு. திவாகரன் முதலாளி கொட்டையையெல்லாம் லாரியில் ஏற்றி மார்த்தாண்டம் பக்கம் அனுப்பத் தொடங்கியிருந்தார். அங்கே பெண்கள் குறைந்த கூலிக்கு வீட்டிலேயே உடைத்துக் கொடுப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் சங்கம் இருந்திருந்தால் செய்திருக்கமாட்டார்கள்.

கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டோம். லாரியை மறித்தோம். முதல் மாதம் கூட்டம் நின்றது, பிறகு கரைந்தது. பசி வந்தால் கரையத்தான் செய்யும், யாரையும் குற்றம் சொல்லமுடியாது. சிலர் துணிக்கடை வேலைக்குப் போனார்கள், சிலர் பாத்திரம் தேய்க்கக் கொல்லத்துக்கு பஸ் ஏறினார்கள். முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்தோம். காவற்காரன் கேட்டுக்கு உள்ளே நின்று சிரிப்பான். “இன்னைக்கு யாருக்கு விரதம் சேச்சி? ஏகாதசியா, இல்ல உங்க பெரிய வெள்ளியா?” என்பான். மத்தியானத்தில் பந்தலில் நாங்கள் ஐந்தாறு பேரும் ஒரு நாயும் இருப்போம். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார், தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மந்திரிக்கு நாங்கள் இருப்பதே தெரியாது.

அப்போதுதான் சாகும்வரை உண்ணாவிரதம் என்று கமிட்டியில் முடிவானது. யார் உட்காருவது என்பதில் ஜலஜாவின் பெயரைச் சொன்னது நான்தான். அதற்குக் காரணம் இருந்தது. அவள் வீடு கோயில் தெருவில். அவள் புருஷன் சுகுணன் ஆட்டோ ஓட்டுகிறவன், ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க அவனுக்காக உயிரை விடும். பள்ளிவாசல் தெருப் பெண்கள் பாதிப்பேர் அவளோடு ஒரே பெஞ்சில் கொட்டை உடைத்தவர்கள். எங்கள் மாதா கோயில் பெருநாளுக்கு அவள் இல்லாமல் கஞ்சி ஊற்றியதில்லை. அவள் படுத்தால் ஊரே எழும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள்.

“சேச்சி, என் நெஞ்சு விஷயம் மறந்து போச்சா உங்களுக்கு?”

மறக்கவில்லை. அவளுக்கு நெஞ்சில் சின்ன உபாதை ஒன்று உண்டு. நான்தான் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று வீட்டில்கூட அவள் சொல்லவில்லை.

“ரெண்டு மூணு நாளுதாண்டி மோளே. மந்திரி கூப்பிட்டுடுவார். நீ சும்மா படுத்துக்கிட்டு வாயை மட்டும் ஆட்டினா போதும்.”

“வாய்தானே? அதுக்கு இந்த வீட்டுலயும் லீவு இல்ல, ஆபீஸ்லயும் லீவு இல்ல” என்று சிரித்தாள். பிறகு கேட்டாள். “உங்களுக்குச் சரின்னு படுதா சேச்சி?”

எனக்குச் சரி என்று பட்டது.

நீங்கள் அப்போது இந்த ஊரில் இல்லை சார், அதனால் சொல்கிறேன். நாலாம் நாளிலிருந்து ஊர் வந்தது. மாதா கோயில் பெண்கள் ஜெபமாலையோடு வந்தார்கள். பள்ளிவாசல் கமிட்டி அரிசி அனுப்பியது. கோயில்காரர்கள் தங்கள் ஒலிபெருக்கியை அவிழ்த்துக் கொண்டுவந்து எங்கள் பந்தலில் கட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள், அதில் ஜலஜாவின் மகளும் இருந்தாள். கடற்கரையிலிருந்து மத்தி மீனும் மரச்சீனிக் கிழங்கும் கூடை கூடையாக வந்தன. இந்த மூன்று தெருவையும் ஒரு பாயில் உட்காரவைக்க நான் பட்டபாடு கொஞ்சமில்லை. ஒரு வாசகசாலைக்கு இடம் கேட்டபோதுகூட மூன்று தெருவும் மூன்று பக்கம் இழுத்தன. ஜலஜா படுத்ததும் வந்துவிட்டார்கள்.

ஒன்றைக் கவனித்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து கிண்டல் பண்ணிய நாட்களில் கூட்டம் சிரித்துவிட்டுப் போனது. அவளால் தலை தூக்க முடியாமல் போனபிறகு வந்தவர்கள் போகவில்லை. சந்தோஷப்பட்டேன் என்று எழுதாதீர்கள். கவனித்தேன், அவ்வளவுதான்.

சுகாதார நிலையத்திலிருந்து தினமும் காலையில் ஒரு டாக்டர் வருவார், சின்ன வயசு. அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜலஜாவுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுப்பேன். நாடி பிடிக்கும்போது நன்றாக இருக்கும். அவர் போனபிறகு வெறும் தண்ணீர். ஏமாற்று என்று நீங்கள் சொல்லலாம். நாடி தளர்ந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், பந்தல் காலியாகிவிடும். காலிப் பந்தலைப் பார்க்க எந்த மந்திரி வருவார்?

“இவங்களுக்கு முன்னாடி ஏதாவது நோய் உண்டா?” என்று ஒருநாள் அந்த டாக்டர் கேட்டார். ஜலஜா என்னைப் பார்த்தாள்.

“இவளுக்கா? காய்ச்சலே வந்ததில்ல சாரே” என்றேன்.

நாடி பார்க்க ஜலஜா கையை நீட்டினாள். என்னை நம்பினாள். நம்பிக்கை இல்லாமல் சங்கம் இல்லை.

மேனேஜர் ஒருநாள் பந்தலின் பின்பக்கமாக வந்தார். பாதிப்பேருக்கு வேலை தருகிறோம், உண்ணாவிரதத்தை முடியுங்கள் என்றார். அது ஜலஜாவின் காதில் விழுந்தது. “பாதிப் பேருக்காவது அடுப்பு எரியுமே சேச்சி, ஒத்துக்குங்க” என்றாள். எந்தப் பாதி என்று நான் அவளிடம் கேட்டேன். மேனேஜரை வந்த வழியே அனுப்பினேன். கமிட்டிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்கள். பாதியை வாங்கிக்கொண்டு மீதியை நடுரோட்டில் விடுகிற சங்கத்துக்கு நான் இத்தனை வருஷம் உழைக்கவில்லை. இதை இப்போதும் எந்தச் சபையிலும் சொல்வேன்.

இனி நீங்கள் கேட்க நினைக்கிறதைச் சொல்கிறேன். எங்களோடு கொட்டை உடைத்த சுஹரா உங்களிடம் சொன்னது பொய்யில்லை. அவள் அன்று தட்டிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. எட்டு வருஷம் மனசிலேயே வைத்திருந்து இப்போது சுகுணனிடம் சொல்லியிருக்கிறாள், அவன் வழக்குப் போட்டுவிட்டான். அவளும் இப்போது அந்த அண்டி ஆபீஸ் வேலையில்தான் இருக்கிறாள், பிழைத்துப் போகட்டும்.

அன்று மத்தியானம், நல்ல மழை. ஓலைக்கு உள்ளே நானும் ஜலஜாவும் மட்டும். அவள் உதடு நீலமாக இருந்தது. என் கையைப் பிடித்தாள். பிடியில் பலம் இல்லை.

“சேச்சி, கொஞ்சம் கஞ்சி கொண்டா. யாருக்கும் தெரிய வேண்டாம். மூச்சு முட்டுது எனக்கு.”

“இன்னும் கொஞ்சம் பொறுடி.”

“என்னால ஆகல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. என் மோளைப் பாக்கணும்.”

நான் அவள் கையைப் போர்வைக்குள் வைத்து, போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே போலீஸ் ஜீப் நின்றது. கலெக்டர் உத்தரவு வந்துவிட்டது, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்திருந்தார்கள். ஊர் முழுக்க மழையில் நனைந்துகொண்டு நின்றது. கோஷம் இல்லை, சத்தமே இல்லை. சுகுணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான்.

“அவ என்ன சொல்றா சேச்சி? போதும்னு ஒரு வார்த்தை சொன்னான்னா சொல்லுங்க, நான் தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போயிடறேன். சங்கம் கிடக்கட்டும்.”

எனக்கு முன்னால் எத்தனை முகங்கள் சார். பாத்திரம் தேய்க்கப் போனவர்கள்கூட அன்று திரும்பி வந்திருந்தார்கள். ஜலஜா போதும் என்று சொன்னாள் என்று நான் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பிறகு ஒருநாளும் வந்திருக்கமாட்டார்கள்.

“கேட்டைத் திறக்காம ஒரு பருக்கை தொடமாட்டேன்னு சொல்றா” என்றேன். “என்னைத் தூக்கவந்தா ஜீப்பை மறிக்கச் சொல்லுங்க சுகுணேட்டன்கிட்டன்னு சொல்றா.”

அவன் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஜீப்புக்கு முன்னால் சேற்றில் படுத்தான். அவன் படுத்ததைப் பார்த்து மற்றவர்களும் படுத்தார்கள். ஜீப் திரும்பிப் போனது.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஜலஜா இறந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மந்திரி மறுநாள் வந்தார். சவ ஊர்வலம் கேட்டைத் தாண்டிப் போகும்போது காவற்காரன் தொப்பியைக் கழற்றினான். ஒரு மாதத்துக்குள் அரசாங்கம் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது. பாதி இல்லை சார், முந்நூறு பேருக்கும் வேலை. இன்று அங்கே கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் அறை இருக்கிறது, எண்ணெய் படாமல் கைக்கு உறை தருகிறார்கள், வாசகசாலை கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கு ஜலஜா பெயர். அவள் மகளுக்கு அங்கேயே ஆபீஸில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். நீங்கள் போய் அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள். ஜலஜாவைத் திருப்பித் தருகிறேன், வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேளுங்கள். எத்தனை பேர் எழுந்திருப்பார்கள் என்று பார்ப்போம்.

திருவனந்தபுரத்து டாக்டர் என்ன சொன்னார் என்றும் கேட்டீர்கள். நெஞ்சுக்குள் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, பாரம் தூக்கக்கூடாது, வயிற்றைக் காயப்போடவே கூடாது, போட்டால் தாங்காது என்றார். இரண்டு தடவை சொன்னார். கமிட்டியில் பெயர் சொன்னபோது அது எனக்கு ஞாபகத்தில் இருந்தது. தாங்காது என்பதும் ஞாபகத்தில் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் யாராவது என்றால் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்திருப்பார்கள், ஊர் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும்.

சுகுணனிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவன் பெண்டாட்டியை ஊருக்கே தெய்வமாக்கிக் கொடுத்திருக்கிறேன். கோர்ட்டிலும் இதையேதான் சொல்வேன். வக்கீல் வேண்டாம்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு முக்கியமான போராட்டம் என்றால் நீயே ஏன் உட்காரவில்லை என்கிறீர்கள். கமிட்டியில்கூட யாரும் இதைக் கேட்டதில்லை. சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்குப் பசி தாங்காது சார்.