கல் பங்களா

இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவைப் புதிதாகப் பார்ப்பவர்கள் மாதா கோயில் என்றே நினைத்துக்கொள்வார்கள், ஐயா. பழைய வெள்ளைக்காரத் துரை கட்டியது. சொந்த ஊரில் தன் தகப்பனார் வாழ்ந்த பண்ணைவீட்டைப் போலவே வேண்டும் என்று முழுக்கக் கருங்கல்லில் கட்டினார். ஒரு முழத்துக்கும் மேல் கனமான சுவர், செங்குத்தான கூரை, குளிர்காயத் தீ மூட்ட ஓர் ஆள் உள்ளே நிற்கக்கூடிய கணப்பு. சுதந்திரத்துக்குப் பிறகு அவர் கப்பலேறிவிட்டார். காவலாளியான நான்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன்.

ஐம்பத்தேழாம் வருஷ மழையில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருந்த ஒரு லயம் போய்விட்டது. வீடிழந்த சோலைமலையையும் மனைவி நாகலெட்சுமியையும் சின்ன மகள் பூரணியையும் புதுத் துரை கணப்பு இருந்த அறையில் தங்கவைத்தார். நல்ல மனிதர்கள். ஆனால் கல்லிடுக்கில் ஆணி அடித்துக் கொடி கட்டினார்கள். ஆணி சுண்ணாம்பைப் பிளக்கும் என்று சொன்னேன்.

"துணி காயணுமில்லண்ணே," என்றாள் நாகலெட்சுமி. "இங்கயே இருக்கச் சொல்லிட்டாரு தொர. இன்னும் சில குடும்பம் வருதாம். தகரம் வச்சு அறை பிரிக்கப் போறாங்களாம்."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதை நான் குறை சொல்லவில்லை.

மறுநாள் கூரையில் ஏறிப் புகைபோக்கியின் வாயைப் பலகைக்கல்லால் மூடினேன். மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க என்று சொல்லிக்கொண்டேன். மாலையில் ஒரு கூடை கரி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஈர வெறகு பொகையும். இதப் போடுங்க. புள்ளைக்குக் குளிரும், சன்னலச் சாத்திக்கங்க."

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்ணே," என்றான் சோலைமலை.

கரியில் புகை தெரியாது. அதன் நஞ்சும் தெரியாது. மூடிய அறையில் தூக்கத்திலேயே முடிந்துவிடும்; யாருக்கும் வலி இருக்கக்கூடாது என்று யோசித்துத்தான் செய்தேன். சாவு விழுந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வராது. அவர்கள் படுத்ததும் கதவை வெளியே தாழிட்டேன்.

விடிந்ததும் திறந்தேன். தாயும் தகப்பனும் பாயில் கிடந்தார்கள். பூரணி மட்டும் கதவோடு ஒட்டிக் கிடந்தாள். ராத்திரியில் அவளுக்கு விழிப்பு வந்திருக்கிறது. கதவின் கீழ்ப்பலகை முழுவதும் நகக்கீறல்கள்.

அந்தக் கதவு சீமையிலிருந்து கப்பலில் வந்தது, ஐயா. பிள்ளையின் உடலை மெதுவாக நகர்த்திவைத்துவிட்டு, பலகையை இழைத்து மெருகு போட்டேன். அது காய்ந்த பிறகுதான் துரைக்கு ஆள் அனுப்பினேன்.