ஃப்ளைவீலின் ஓரத்தில் இரண்டு புள்ளிகள்

எனக்கு எந்தப் பொருளையும் சட்டென்று தேர்ந்தெடுக்க வராது. போன மழைக்காலத்தில் ஒரு குடை வாங்கப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டேன். வாங்கி வந்தபோது மழை விட்டிருந்தது. நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதும் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள், சார். அதற்கு நன்றி. பேசச் சொன்னால் பாதியில் என் மேலேயே சந்தேகம் வந்து நின்றுவிடுவேன்.

பகலில் மேட்டுப்பாளையத்தில் முகிலன் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் வேலை. எந்த வண்டிக்கு எந்தப் பாகம் பொருந்தும் என்று பார்த்து வரவழைப்பது என் பொறுப்பு. மாலையில் ஆட்டோமொபைல் டிப்ளமோ வகுப்பு. அங்கே நிர்மலாதேவி மேடம் எல்லோரையும் வேலை நாட்குறிப்பு எழுதச் சொன்னார். இடது பக்கம் அளந்தது, வலது பக்கம் நினைத்தது, இரண்டையும் கலக்கக் கூடாது என்றார். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் இரண்டு வருடமாக எழுதுகிறேன். அந்த ஐந்து நோட்டுகளும் இப்போது உங்கள் மேஜையில் இருக்கின்றன. மேடம் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவற்றை யாரும் திறந்ததில்லை.

முகிலன் அண்ணன் நல்லவர். நான் சொல்வது மட்டும் அவர் காதில் ஏறாது. ஒரு வேனைப் பார்த்துவிட்டு இதன் பிரேக் குழாய் மூன்று மாதம்தான் தாங்கும் என்றேன். சிரித்தார். மூன்றாவது மாதம் அது கிழிந்து வந்தபோது, அன்றைக்கே நினைத்தேன் என்று வண்டிக்காரரிடம் அவரே சொன்னார். நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில் தேதியோடு இருந்தது. காட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவர் சாப்பிடப் போய்விட்டார். இதுபோலப் பதினேழு குறித்து வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் பிரேம்குமாரின் வண்டி வந்தது. பழைய வெள்ளை ஹேட்ச்பேக். பிரான்சில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன் அனுப்பிய டர்போவை முகிலன் அண்ணன் அதில் ஏற்றியிருந்தார். எஞ்சினின் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பு. கிளட்ச் மட்டும் பழையது, அதனால் வழுக்க ஆரம்பித்திருந்தது. மிதித்தால் எஞ்சின் அலறும், வண்டி அந்த அளவுக்கு ஓடாது. மார்ச் கடைசியில் சென்னைப் பக்கம் கால் மைல் காரோட்டப் போட்டி. அதற்குள் கனரக கிளட்ச் ஒன்று போட வேண்டும் என்றார் பிரேம்குமார். தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டேன். செராமிக் பிளேட்தான் வேண்டும் என்று முகிலன் அண்ணன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுச் சொன்னார். அது பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும். நெல்லித்தோப்பு சிக்னலில் ஒவ்வொரு தடவையும் வண்டி குதித்துத்தான் கிளம்பும். பலமான ஸ்பிரிங் உள்ள பிரஷர் பிளேட்டோடு, பிடிப்பு அதிகமான சாதாரண பிளேட்டே போதும் என்று எனக்குப் பட்டது. நான்கு முறை கணக்குப் போட்டேன். மூன்று முறை ஒரே விடை வந்தது. நான்காவதில் என் கூட்டல் தவறு.

பிரேம்குமார் தினமும் வந்து நிற்பார். “இன்னா வாத்தியாரே, கிளட்சுக்குப் பொண்ணு பாத்து முடிச்சிட்டியா?” என்பார்.

“இன்னும் ஜாதகம் சேரலயாம் பிரேம்,” என்பார் முகிலன் அண்ணன்.

நானும் சேர்ந்து சிரிப்பேன்.

முடிவை இரண்டு பக்கங்களில், தலைப்பைச் சிவப்பு மையில் போட்டு எழுதிக் கொடுத்தேன். முதல் பக்கம் கிளட்ச். அது நான்கு நாளில் வந்துவிடும் என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டாம் பக்கம் ஃப்ளைவீல். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் அது. கிளட்ச் பிளேட் அதன் முகத்தில்தான் அழுந்திப் பிடிக்கும். அந்த வண்டியில் இருந்தது பழைய வார்ப்பிரும்பு, சூட்டில் வெந்து நீலம் பாய்ந்திருந்தது. புது ஸ்டீல் சக்கரம் வேண்டும் என்று எழுதியிருந்தேன். அது வர ஆறு வாரம். போட்டி போய்விடும். பழசையே லேத்தில் முகம் சீவிக் கடைந்து போடச் சொன்னார் பிரேம்குமார்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கலியபெருமாள் மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். மில்லில் டர்னராக இருந்தவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஃப்ளைவீலைக் கடைந்து முடித்ததும் அதன் ஓரத்தில் பஞ்ச் உளியால் ஒரு புள்ளி குத்துவார். அடுத்த முறை இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளி இருந்தால் தொடமாட்டார். வண்டிக்கு வண்டி கனம் மாறும் என்பதால் அளவு பார்ப்பதில்லை, புள்ளியைத்தான் பார்ப்பார். அதையும் கண்ணால் அல்ல, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி.

தடவிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “ரெண்டு இருக்குது தம்பி. இதுக்கு மேல கடஞ்சா அது சக்கரம் இல்ல, வெடி. எடுத்துட்டுப் போயி எடைக்குப் போட்டுடு.”

இதை வந்து சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறேன், படித்தீர்களா என்றும் கேட்டேன். பிரேம்குமார் அப்போது எஞ்சின் ஆயில் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கிடைத்த தாளால் அளவுக் கம்பியைத் துடைத்தார்.

“நீ எழுதுறத எவன் வாத்தியாரே படிக்கப்போறான்? எண்ணெ தொடைக்கவாச்சும் ஆவுதே.”

முகிலன் அண்ணன் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. வேறு ஏதோ தாள் என்று நினைத்து எடுத்திருப்பாரோ என்றுதான் யோசித்தேன். அவர்கள் டீ குடிக்கப் போன பிறகு குப்பைக் கூடையிலிருந்து அதை எடுத்து விரித்துப் பார்த்தேன். சிவப்புத் தலைப்பு எண்ணெயில் ஊறியிருந்தது. இரண்டாம் பக்கம்தான்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு மெல்லிய அரம் ஒன்றை எடுத்து அந்த இரண்டு புள்ளிகளையும் ராவினேன். அந்த இடம் மட்டும் விரலுக்குத் தட்டக் கூடாது என்று ஓரம் முழுவதையும் ஒரே சீராக ராவினேன். நாற்பது நிமிடம் ஆனது. அதை மாமாவிடம் கொண்டுபோய், பழைய இரும்புக் கடையில் வேறொன்று கிடைத்தது என்றேன். அவர் விரல் இரண்டு முறை சுற்றி வந்தது. இது பரவாயில்லை என்று சொல்லிக் கடைந்து கொடுத்தார். ஓரத்தில் ஒரு புள்ளி குத்தினார்.

ஒர்க்‌ஷாப்பில் வைத்து, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அதன் முகத்தில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடித்தேன். விரிசல் இருந்தால் சாயம் கசிந்து மேலே வரும். மூன்று கோடுகள் வந்தன. நீளமானது ஒரு போல்ட் துளையில் தொடங்கிப் பதினான்கு மில்லிமீட்டர் ஓடியது. சந்தேகம் தீர மறுபடியும் செய்தேன். அதே மூன்று. ஐந்தாம் நோட்டு, பிப்ரவரி பத்தொன்பது, இடது பக்கம் பாருங்கள். வலது பக்கம் காலியாக இருக்கும். இரண்டு வருடத்தில் நான் வலது பக்கத்தைக் காலியாக விட்டது அந்த ஒரு நாள்தான்.

அன்று மதியம் அதைத் துடைத்துப் பொருத்தினேன். முகிலன் அண்ணன் எட்டிப் பார்த்தார். இரும்புக் கடையில் கிடைத்தது என்று அவரிடமும் சொல்லியிருந்தேன். ஒரு புள்ளி இருந்தது. சரி என்றார்.

புது கிளட்ச் போட்ட வண்டியை உடனே முழு வேகத்தில் மிதிக்கக் கூடாது. எண்ணூறு கிலோமீட்டர் ஊருக்குள் நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும். இதைப் பிரேம்குமாரிடம் சொன்னேன். இந்த ஒன்றில் அவர் என் பேச்சைக் கேட்டார். நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை மீட்டரைப் படம் எடுத்து அனுப்புவார். நல்லது, இன்னும் அறுநூறு என்று பதில் போடுவேன். நல்லது, இன்னும் ஐந்நூறு என்பேன்.

ஐந்நூற்று நாற்பதில் ஒருநாள் நேரிலேயே வந்தார். முகிலன் அண்ணன் முன்னால் என் தோளில் கை போட்டார். “பெடல் நெய்யாட்டம் இருக்குது. நீ சொன்னதுதான் வாத்தியாரே கரெக்ட். அந்த ரெண்டாவது பக்கம் இன்னொரு காப்பி எழுதிக் குடு. போட்டி முடிஞ்சதும் அந்த ஸ்டீல் சக்கரத்த வாங்கிடுவோம்.”

மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். என் கண்ணெதிரிலேயே நின்று முழுவதும் படித்தார். இரண்டு வருடத்தில் நான் எழுதியதை ஒருவர் படித்து முடித்தது அதுதான் முதல் தடவை. அப்போது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். சொன்னால் புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். படித்த மனிதர் மறுபடியும் படிக்காதவராகிவிடுவார். அதுவுமில்லாமல் கிளட்ச் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. நடுவில் கழற்றுவது அதற்கு நல்லதல்ல.

மார்ச் பதினான்கு மாலை, எண்ணூறு முடிந்துவிட்டது, மிதிக்கலாமா என்று கேட்டு அனுப்பியிருந்தார். வகுப்பில் இருந்தேன். மூன்று முறை எழுதி எழுதி அழித்தேன். ‘ஆமா’ என்பது மொட்டையாக இருந்தது. ‘சரிங்க’ என்றால் ரொம்பத் தள்ளி வைத்ததுபோல இருந்தது. கடைசியில் ‘இனி முழுசா மிதிக்கலாம்ணா’ என்று அனுப்பினேன்.

அடுத்த காலை ஆறு பத்துக்கு, காலாப்பட்டு தாண்டி ஈ.சி.ஆரில், அவர் மிதித்தார். சக்கரம் நான்கு துண்டானது. அதில் ஒன்று வண்டியின் தளத்தைக் கிழித்துக்கொண்டு அவர் கால் இருந்த இடத்தின் வழியாக மேலே வந்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது என்று சொன்னார்கள். அவசரம் இருக்கவில்லை.

ஒரு துண்டில் புள்ளி இருந்தது. அந்தப் புள்ளி யாருடையது என்று இந்த ஊர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கலியபெருமாள் மாமாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தீர்கள். மூன்றாம் நாள் அவர் மனைவி அஞ்சலாட்சி அத்தை என்னிடம் வந்தார். “நீ நல்லா எழுதுவியாமே அபி. அவருக்காக ஒரு மனு எழுதிக் குடு,” என்றார். எழுதிக் கொடுத்தேன். முப்பது வருடம் பிசகில்லாமல் வேலை செய்தவர் என்று நல்ல வார்த்தைகளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒன்றரைப் பக்கம். அது உங்கள் கோப்பில் இருக்கும். கையெழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்தனை நாள் வராதவன் இன்று ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்று முகிலன் அண்ணன் வண்டி ஆய்வாளரின் அறிக்கை நகலைக் காட்டினார். அதன் இரண்டாம் பத்தியில், எஞ்சினுக்குப் பொருத்தமில்லாத கனரக கிளட்சைத் தேர்ந்தெடுத்ததே விபத்துக்கு முதன்மைக் காரணம் என்று இருக்கிறது. அதைப் பதினொரு முறை படித்தேன். நேற்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரேம்குமார் இறந்த அன்று சாப்பிட்டேன்.

கொல்ல நினைத்தாயா என்று காலையில் கேட்டீர்கள். வலது பக்கம் காலியாக இருப்பதால் அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இடது பக்கத்துக்கு மட்டும் நான் பொறுப்பு. புள்ளிகளை ராவியது நான். விரிசலை அளந்த பிறகு பொருத்தியது நான். மிதிக்கலாம் என்றது நான். கலியபெருமாள் மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்த அறிக்கையின் ஆறாவது படத்தைக் கொஞ்சம் பாருங்கள், சார். கிளட்ச் பிளேட்டின் பாதி அதில் தெளிவாகத் தெரிகிறது. கருகல் இல்லை, நீலம் பாயவில்லை. பதினெட்டு நாள் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. என்னைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டாம் பத்தியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். கடைசி வரைக்கும் அது வழுக்கவில்லை.