பின்னாடி எழுதியிருக்கு

வளர்ந்த பெண்கள் முயல் காது வைத்த பேனா மூடிக்காக வரிசையில் நிற்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், மேடம். எங்கள் கடையில் சனிக்கிழமை காலையென்றால் அதுதான் காட்சி. பூனைப் பாதம் போட்ட கைத்துண்டு, கரடி முகம் வைத்த சாப்பாட்டு டப்பா, நகம் அளவுக்கு அழிரப்பர். எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "அய்யோ, செம க்யூட்" என்பார்கள். நான்கு வருஷமாகக் கேட்டு என் காது மரத்துப்போய்விட்டது.

என் இடம் கல்லாவுக்குப் பக்கத்து மேசை. ஜப்பானிலிருந்து வரும் சரக்கின் முதுகில் பொடி எழுத்தில் என்னென்னவோ போட்டிருக்கும். அதைப் படித்து, நம் மொழியில் நாலு வரியாக்கி, அச்சடித்து ஒட்டுவேன். இது என்ன, எப்படிப் பயன்படுத்துவது, எதில் கவனம் வேண்டும் என்று. சீட்டு ஒட்டாத பொருள் அலமாரிக்குப் போகக் கூடாது என்பது கடைக்காரர் போட்ட சட்டம். ஒட்டாதவை என் காலடியில் ஒரு கூடையில் கிடக்கும். நான்கு வருஷத்தில் ஒரு பிழை கிடையாது. வேண்டுமானால் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு வருஷம் அந்த மொழி படித்தேன். அங்கே போய் வேலை பார்க்கத்தான். வரச்சொல்லிக் கடிதமும் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கைக்குக் கல்யாணம் கூடியது. "அவளோடது முடியட்டும், நீ எங்க ஓடிடப் போற?" என்றார் அம்மா. முடிந்தது. கடிதம் சொன்ன தேதியும் முடிந்தது. தங்கைக்கு இப்போது முப்பத்தொரு வயது. வீட்டில் இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

பாப்பா வாராவாரம் கடைக்கு வருவாள். வாங்கியதை வீட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்துக்காட்டி வீடியோ போடுவாள். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்களாம். பொருள் கைக்கு வந்ததும் முதல் காரியம், என் சீட்டை நகத்தால் கிள்ளி உரிப்பது. உரித்ததை என் மேசை விளிம்பிலேயே ஒட்டிவிட்டுப் போவாள்.

"லுக்கே போயிடுதுக்கா. யாரு உக்காந்து படிக்கப் போறா இதையெல்லாம்?"

ஒருமுறை வரிசையில் நின்றவர்களிடம், "எங்கக்கா ஜப்பான் போறேன் ஜப்பான் போறேன்னு குதிச்சா. கடைசில ஜப்பானே பாவம் பாத்து இவ மேசைக்கு வந்துடுச்சு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு நகைச்சுவை நன்றாக வரும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்தபடி, ஈரத்துணியால் விளிம்பைச் சுரண்டித் துடைத்தேன். எனக்கு எரிந்தது என்பதை மறைக்கவில்லை. எரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் மேசைமேல் எக்கி, கூடைக்குள் கையை விட்டாள்.

"இதுல இன்னும் ஒட்டலையே! இப்படியே குடுத்துடுக்கா."

நாக்கை நீட்டும் முயல் படம் போட்ட உறை. உள்ளே ஐந்து நிறத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள். பூச்சாடியில் மண்ணுக்குப் பதிலாகப் போடுவது. தண்ணீரில் ஊறினால் ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவுக்குப் பருக்கும். முதுகில் சிவப்புக் கட்டத்தில் இருந்தது எனக்கு மனப்பாடம். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். விழுங்கினால் உள்ளே வீங்கிக் குடலை அடைக்கும். எக்ஸ்ரேயில் தெரியாது. இந்த உறையுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். அதற்கான சீட்டை அன்று காலையே அச்சடித்திருந்தேன். கையில்தான் இருந்தது.

"மிட்டாயாக்கா?"

"பின்னாடி எழுதியிருக்கு."

"ஆமா, நான் படிச்சுக் கிழிச்சேன்" என்று பையில் போட்டுக்கொண்டாள்.

நான் பொய் சொல்லவில்லை என்பதை வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாடி எழுதித்தான் இருந்தது. உரிக்கிற வேலையை அவளுக்கு மிச்சப்படுத்தினேன், அவ்வளவுதான். சீட்டைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ வந்தது. அவள் மகளை நாங்கள் குட்டி என்போம், இரண்டரை வயது. "முயல் மிட்டாய்! அம்மா டயட்டுடா, நீ சாப்பிடு" என்று பாப்பா உள்ளங்கையில் கொட்டினாள். குட்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. அப்புறம் ஒரே ஒரு மணியை விரல் நுனியில் எடுத்துக் கேமராவிடம் நீட்டி, "பெம்மாக்கு" என்றது. பெரியம்மா என்று முழுசாகச் சொல்ல அதற்கு வராது. நான் லைக் போட்டேன். போடாவிட்டால் பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை வாந்தி. செவ்வாய்க்கிழமை வயிறு கல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. பாப்பாவுக்குத்தான் அந்த உறை ஞாபகம் வந்தது, கொண்டுவந்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கை புருஷன் போனை எடுத்து, அதில் படம் பிடித்தால் அர்த்தம் சொல்லுமே என்றார்.

"அது தப்பும் தவறுமா உளறும். அதான் இவ இருக்காளே, ஆறு வருஷம் படிச்சவ" என்றார் அம்மா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா, தங்கை புருஷன், டாக்டர், இரண்டு நர்ஸ்கள். பாப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ படிக்கா. உனக்குத்தான் தெரியும். தயவுசெஞ்சு படிக்கா."

அவள் பிறந்ததிலிருந்து என்னிடம் எதையும் படிக்கச் சொன்னதில்லை, மேடம்.

சிவப்புக் கட்டத்தை முதலில் அந்த மொழியிலேயே உரக்க வாசித்தேன், வரிக்கு வரி விரல் வைத்து. ஓர் எழுத்து பிசகவில்லை. வராந்தாவில் போனவர்களும் நின்று கேட்டார்கள். அப்புறம் நம் மொழியில் சொன்னேன். "சர்க்கரை, சோளமாவு, சாப்பாட்டுக் கலர். ரெண்டு வயசுக்கு மேல குடுக்கலாம்."

வயிற்றுக் கோளாறு என்று இரண்டு நாள் மருந்து கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் கூடவே இருந்தேன். குட்டிக்கு உதட்டை நனைத்தது நான்தான். வியாழக்கிழமை, வீடியோ பார்த்த யாரோ ஒருத்தி, அது மிட்டாய் இல்லை, குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினாள். அவளுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, வீட்டில் பூச்சாடி இருந்திருக்கிறது. அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை குட்டி இறந்தது.

குழந்தை உங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்யவில்லை. குட்டி என்றால் எனக்கு உயிர். சொல்லிவிடத்தான் இருந்தேன். டாக்டர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. உறையை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, "தேங்க்ஸ்மா. நல்ல வேளை, படிச்சவங்க நீங்க ஒருத்தர் இருந்தீங்க" என்றார். அம்மாவும் பாப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் போய், நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது, மேடம்?